தூரத்தைப் பறவை முடிவு செய்யட்டும்

புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "தாத்தா, குருவிக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்?" என்பதுதான். இதற்கு அடிக்கணக்கிலோ மீட்டர்க்கணக்கிலோ பதில் கிடையாது. அந்தத் தூரத்தைப் பறவைதான் முடிவு செய்கிறது. நம் வேலை அதன் முடிவைப் புரிந்துகொண்டு அங்கேயே நின்றுவிடுவது. நம்மைப் பார்த்த பிறகும் அது தன் வேலையைத் தொடர்ந்தால் நாம் சரியான இடத்தில் இருக்கிறோம். வேலையை நிறுத்தினால் எல்லை தாண்டிவிட்டோம்.

குருவிகளைப் பார்த்தும் படமெடுத்தும் நான் கற்றவற்றில் மிகப் பெரியது இதுதான். மனிதர்களோடு வாழவும் எனக்கு அதிகம் உதவியது இதுவே. உங்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வாசலில் தொடங்குங்கள்

பறவைப் படம் என்றதும் பலருக்கு வேடந்தாங்கலும் முதுமலையும் வால்பாறையும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கெல்லாம் அவசியம் போங்கள். ஆனால் தொடக்கம் வீட்டு வாசலில் இருக்கட்டும்.

ஒரு செம்பருத்திச் செடி இருந்தால் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை மரத்தில் பழம் கறுத்தால் கொண்டைக்குருவி வரும். சருகு கிடக்கிற தோட்டத்துக்குத் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாய்ச் சேர்ந்து வந்து ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இலைகளைப் புரட்டும். மின்கம்பியில் இரட்டைவால் குருவி பூச்சிக்காகக் காத்திருக்கும். வேலியோரத்துப் புதரில் தையல்சிட்டு, இத்தனை சின்ன உடம்பிலிருந்தா இந்தக் குரல் என்று வியக்கும்படி உரக்கக் கத்தும். பங்குனி, சித்திரை விடியற்காலைகளில் குண்டுக்கரிச்சான் மொட்டைமாடி ஓரத்திலோ டிவி ஆன்டெனாவிலோ உட்கார்ந்து நீளமாகப் பாடும். இவற்றைப் பார்க்கப் பயணச்சீட்டு வேண்டாம், சீக்கிரம் எழுந்தால் போதும்.

எங்கும் கிடைக்கிற பறவைதானே என்று எதையும் தள்ளாதீர்கள். 1930-ல் ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பிய பறவையியலாளர் சாலிம் அலிக்கு, அவர் பார்த்துவந்த வேலை இல்லாமல் போயிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். மழைக்காலத்தில் அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. பனைமரத்தில் அந்தக் கூடுகள் தொங்குவதை நாட்டில் பார்க்காதவர் இல்லை. அவர் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கிறது. அதற்குப் பிடித்துத் தங்கினால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. இதை விவரித்து 1931-ல் அவர் வெளியிட்ட கட்டுரை அறிஞர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். கையில் இருக்கும் நேரத்தையும் கண்ணெதிரே இருக்கும் பொருளையும் முழுதாக மதித்த ஒருவருக்கு அந்த வெறும் நாட்களே வழி திறந்தன.

பறப்பதற்கு முன் சொல்லிவிடும்

பறவை திடீரென்று பறந்துவிட்டது என்று சொல்கிறோம். பெரும்பாலும் அது திடீரென்று பறப்பதில்லை. முதலில் இரை பொறுக்குவதை நிறுத்துகிறது. தலையை நிமிர்த்துகிறது. கொண்டைக்குருவி என்றால் கொண்டையை விறைத்துக்கொள்ளும். தையல்சிட்டு ஒரே ஒலியை விடாமல் வேகமாகக் கொட்டும். தவிட்டுக்குருவி ஒன்று கத்தினால் கூட்டம் முழுவதும் சேர்ந்துகொள்ளும், பக்கத்து மரத்து அணிலும் கூடவே கத்தும். பிறகு உடம்பைத் தாழ்த்திக் கிளையை அழுத்துகிறது. அதற்கும் பிறகுதான் பறக்கிறது. அத்தனை முறை சொல்லியும் கேட்காதவனை விட்டுத்தான் அது போகிறது.

ஆகவே, போய்ப் பிடிக்க நினைக்காமல் உட்காருங்கள். காலை வெயில் உங்கள் முதுகில் படட்டும். மங்கிய நிறச் சட்டை போதும். மரத்தில் சாய்ந்து, பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் வரும்படி தாழ உட்காருங்கள். வீட்டு ஜன்னல் அருமையான மறைவிடம், அதைப் பயன்படுத்துங்கள். பறவையின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். ஓயாமல் அசையும் சிட்டுக்கு ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். பிறகு காத்திருங்கள். முதல் சில நிமிடங்கள் தோட்டமே உங்களைக் கவனிக்கும். அதன்பின் ஒவ்வொன்றாகத் தத்தம் வேலைக்குத் திரும்பும். நல்ல படங்கள் அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு. எனவே பார்த்துப் பார்த்து, அது அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்த பிறகே பொத்தானைத் தொட்டோம். இன்றைய கேமரா ஒரே வினாடியில் பத்துக்கும் மேல் எடுக்கிறது. அந்த வசதி உங்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் ஒரு குருவிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வர எடுக்கும் நேரத்தை எந்தக் கேமராவும் குறைத்துவிடவில்லை.

மனிதர்களும் இப்படித்தான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் தங்கை பேச்சை நிறுத்தினால், அலுவலகத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அவரவர் மேசைக்குத் திரும்பினால், நீங்கள் வீட்டுக்கு வந்த ஓசை கேட்டதும் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றால், அதெல்லாம் உங்களுக்கு வரும் செய்தி. கோபப்படாதீர்கள், "என்னைப் பார்த்து ஏன் நிறுத்தினாய்?" என்று விசாரணையும் வைக்காதீர்கள். ஓர் அடி பின்வாங்குங்கள். பழையபடி அவர்கள் பேசவும் பாடவும் எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் பொறுத்திருங்கள். பெற்றவர்கள் பிள்ளைகளிடமும், கணவன் மனைவியிடமும், மேலதிகாரி கீழே வேலை செய்பவரிடமும் கற்க வேண்டிய பொறுமை இது.

கூட்டை விட்டு விலகுங்கள்

இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கூட்டைப் படமெடுக்காதீர்கள்.

தேன்சிட்டின் கூட்டைப் பாருங்கள். பெண் சிட்டு சிலந்தி நூலால் நாரையும் பஞ்சையும் பிணைத்து, நுழைவாயிலுக்கு மேல் சிறு தாழ்வாரம் வைத்து, வெளிப்புறம் முழுவதும் பட்டைத் துணுக்கும் குப்பையுமாக ஒட்டி, காற்றில் ஆடும் ஒட்டடை என்று நினைக்கும்படி தொங்கவிடுகிறது. தையல்சிட்டு உயிருள்ள இலையின் ஓரத்தை அலகால் துளைத்து, நாரை உள்ளே இழுத்துத் தைக்கிறது. இவ்வளவு பாடும் கூட்டை மறைப்பதற்காகத்தான். படம் தெளிவாக வர வேண்டும் என்று நாம் ஒரு கிளையை ஒதுக்கினால், அந்த உழைப்பு முழுவதும் பாழ். வெயில் நேரே குஞ்சின் மேல் விழும். காக்கையும் செம்போத்தும் வழி கண்டுகொள்ளும். நாம் அங்கே நிற்கும் நேரமெல்லாம் தாய் இரையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் தவிக்கும்.

கைபேசியில் குரலைப் பாடவிட்டுப் பறவையை வரவழைப்பதும் அப்படித்தான். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று எண்ணி ஆண் பறவை இரையை விட்டுச் சண்டைக்கு வருகிறது. இல்லாத எதிரியைத் தேடித் தேடிக் களைக்கிறது. அந்த நிலையில் எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதில் இருப்பது நாம் உண்டாக்கிய பதற்றம்.

ஒன்றைப் பக்கத்தில் வரவழைக்க வேண்டுமானால் அதற்குத் தேவையானதைக் கொடுங்கள். அகலமான மண்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பூனை பதுங்க முடியாத நிழலில் வையுங்கள். அடிக்கடி கழுவி நீரை மாற்றுங்கள். கோடையில் குடிக்கவும் குளிக்கவும் தாமாகவே வரும். தாமாக வந்தவர்களோடுதான் உறவு நிலைக்கும், மனிதரிலும் அப்படியே.

கேட்டுக் கற்ற பாட்டு

நமக்குக் குரல்வளை கழுத்தில் இருக்கிறது. பறவைக்கு ஒலி பிறக்கும் இடம் நெஞ்சுக்குள், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முனையில். பாடும் பறவைகள் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்க வல்லவை. அறிவியல் பாடும் பறவைகள் என்று பிரிக்கும் கூட்டத்தில் காகமும் உண்டு, குயில் அதில் சேராது. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகவே கூவும், அதன் கூவல் பிறவியிலேயே வருவது. பாடும் பறவைகள் அப்படியல்ல. மூத்தவற்றைக் கேட்டுத்தான் அவை தம் பாட்டைக் கற்கின்றன.

1950-களில் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. எச். தோர்ப் என்ற அறிஞர் சாஃபின்ச் என்னும் ஐரோப்பியச் சிட்டின் குஞ்சுகளை, வளர்ந்த பறவைகளின் பாட்டு காதில் விழாமல் வளர்த்துப் பார்த்தார். அவையும் பாடின. ஆனால் தம் இனத்தின் முழுப் பாட்டு அவற்றுக்கு வரவில்லை, எளிமையான, உருத் திரளாத ஒன்றையே பாடின. கேட்டு வளரும் குஞ்சுகளும் எடுத்த எடுப்பில் பாடிவிடுவதில்லை. முதலில் கேட்கின்றன. பிறகு மழலையாக, தாழ்ந்த குரலில், தப்பும் தவறுமாகப் பழகுகின்றன. கடைசியில்தான் பாட்டு உருப்பெறுகிறது.

எனவே பேசத் தெரியவில்லை, எழுத வரவில்லை என்று சோர்ந்துபோகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் தடுமாற்றம் கற்றலின் ஒரு பருவம், அதைத் தாண்டாமல் யாரும் பாடியதில்லை. மூத்தவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாம் வாய்விட்டுச் சொல்லாதது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது.

ஒரு பறவை, ஓர் ஆண்டு

உங்கள் வீட்டருகே தினமும் வரும் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டு முழுவதும் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், அது என்ன செய்தது என்று மூன்று வரி எழுதுங்கள். ஊதாத் தேன்சிட்டை எடுத்துக்கொண்டால், கூடு கட்டும் காலத்தில் ஆண் கருநீலமாக மின்னும். காலம் முடிந்ததும் அந்தப் பளபளப்பை உதிர்த்துவிட்டு ஏறக்குறையப் பெண்ணைப் போல மங்கிய மஞ்சளாகிவிடும். தொண்டையில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். ஒரு பருவம் மட்டும் பார்த்தவர் இரண்டையும் வேறு வேறு பறவை என்றே நினைப்பார். ஆண்டு முழுவதும் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே பறவை என்று தெரியும். ஒரு மனிதரை அவருடைய கெட்ட காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது என்பதை எனக்கு நிலைநிறுத்தியது இந்தச் சிட்டுதான்.

இந்தப் பழக்கத்துக்கு நம் ஊரிலேயே பெரிய முன்னோடி இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). தாமே பாகங்களைக் கோத்து அமைத்த கேமராவால் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தார். 1950 முதல் இறுதிவரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். தினமும் பார்ப்பவற்றில் சலிப்படையாத அந்த மனம் உங்களுக்கும் வாய்க்க வேண்டும்.

எழுதியதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடமாவது ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்றினால் போதும். மொட்டைமாடியில் நின்றே செய்யலாம். உங்கள் தெருவில் எந்தக் குருவி பெருகுகிறது, எது குறைகிறது என்பதை நாளைக்கு ஆராய்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள்தான் சாட்சி சொல்லும்.

வருகிற பொங்கலன்று போகும்போது, உங்களைவிடச் சின்னக் குழந்தை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே உட்கார வேண்டும், எப்போது அசையக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். பைனாகுலரை முதலில் அந்தக் குழந்தையின் கையில் கொடுங்கள்.