மைதானத்துக்காக நீதிமன்றப் படியேறியவர்

ஆர்தர் பிரையன்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் அங்கே 1972-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கல்லூரி விளையாட்டில் பெண்கள் போராடித்தான் இடம் பிடித்தார்கள்.

டெம்பிள் பல்கலைக்கழக வீராங்கனைகள் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 1980-இல் தொடுத்த வழக்கில் பிரையன்ட் அவர்களுக்காக வாதாடினார். 1988-இல் சமரசம் ஏற்பட்டது.

பிரௌன் பல்கலைக்கழகம் 1991-இல் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் அணிகளுக்கான நிதியை நிறுத்தியது. அதை எதிர்த்த வழக்கிலும் அவர் மாணவிகள் பக்கம் நின்றார். பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைவு என்ற பல்கலைக்கழகத்தின் வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் நிராகரித்தது. வாய்ப்பே கொடுக்காமல் ஆர்வம் எங்கிருந்து வரும்?

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதற்காக வருடக்கணக்கில் வாதாட இப்படிப்பட்டவர்கள் வேண்டும். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தத் துறையையும் யோசியுங்கள்.