உய்யக்கொண்டான் கரை வயல்கள்

திருச்சி நகரத்தை ஒட்டி இன்னும் நெல்லும் வாழையும் விளைகிறது என்றால் வெளியூர்க்காரர்கள் லேசில் நம்புவதில்லை. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் காவிரியிலிருந்து பிரிந்து, ஊருக்குள் வளைந்து ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிறது. அதன் பாசனத்தில் இருந்த எத்தனையோ வயல்கள் இப்போது 'நகர்' என்று முடியும் பெயர்களோடு மனைகளாகிவிட்டன.

மிச்சமிருக்கும் வயல்காரர்களிடம் பேசிப் பாருங்கள். தரகர் தொல்லை இரண்டாம்பட்சம்தான். பக்கத்து வயலை மண் கொட்டி மேடாக்கியதும் இவர்கள் வயல் பள்ளமாகிவிடுகிறது. ஐப்பசி மழை வடிய வழியில்லாமல் இளம்பயிர் அழுகுகிறது. கிளை வாய்க்கால்மேல் சிமெண்ட் பலகை போட்டு யாரோ வாசல்படி கட்டியிருப்பார்கள். வருகிற தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், நடவுக்கு இறங்கும் பெண்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. அறுவடை மெஷின் அந்தத் தெரு முனையில் திரும்பாது. முன்பு நூறு வயலில் மேய்ந்த எலியும் குருவியும் இப்போது இந்த ஒரு ஏக்கரில்தான் இறங்குகின்றன.

நிலத்தை யாரும் பறிக்க வேண்டியதில்லை. வடிகாலை அடைத்தால் போதும், வயல்காரரே விற்றுவிடுவார். அப்புறம் நாம் டீக்கடையில், "கோடி ரூபாய்க்கு ஆசைப்பட்டு வித்துட்டாருப்பா" என்போம்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது ரோட்டின் அகலத்தை அளக்கிறார்கள் அல்லவா? பக்கத்து வயலுக்குப் போகும் மடையும் வடிகாலும் உயிரோடு இருக்கிறதா என்று அப்படியே ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.