ஊர் தாண்டி ஒரு நாற்காலி

களமருதூர் பேருந்து நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்து நிற்கிறார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துண்டு. நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர் போல இருக்கிறார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "எங்க கெளம்பிட்ட?" என்கிறார்.

"உளுந்தூர்பேட்ட வரைக்கும். ஒரு ஜோலி."

அதற்குமேல் சொல்லவில்லை. குடித்துவிட்டு இதே நிறுத்தத்தில் கிடந்த நாட்களில் அவர் ஊருக்கு எதையும் ஒளிக்கவில்லை. குடியை நிறுத்தப் போகிற இடத்தைத்தான் ஒளிக்க வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டான் என்று தெரிந்தால் மறுபடி எப்போது விழுவான் என்று பார்த்துக்கொண்டிருக்க ஊரில் ஆள் உண்டு.

நானும் கூடப் போகிறேன். உளுந்தூர்பேட்டையில் இன்னொரு பேருந்து மாறுகிறோம். குடிநோயாளிகளின் கூட்டம் நடக்கும் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே வருகிறவர்கள் தங்கள் பெயரை மட்டும் சொல்கிறார்கள். அப்பன் பெயர் இல்லை, தெரு இல்லை, அதனால் சாதியும் இல்லை. வெளியாட்களும் உட்காரலாம் என்று வைத்திருக்கும் நாளில்தான் என்னையும் உள்ளே விட்டார்கள். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வகுப்பறை. வாசலில் செருப்புகள்: தேய்ந்த ரப்பர் செருப்பு, சேறு காயாத செருப்பு, பளபளக்கும் ஒரு ஜோடி ஷூ. கரும்பலகையில் அழிக்காமல் விட்ட ஏழாம் வாய்ப்பாடு. பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்க இடமின்றிப் பெரிய ஆட்கள். மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு நாற்காலி. முறை வந்தவர் எழுந்துபோய் அதில் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்கிறார். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். பிறகு அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே ஒரு சொல் சொல்வதில்லை. முடித்த பிறகும் சொல்வதில்லை. குடிக்கிறவனுக்குப் புத்தி சொல்லாத ஆள் நம் பக்கத்தில் உண்டா? இந்த அறையில் மட்டும் யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் காணோம்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான், அப்படியும் டீ தளும்பிச் சட்டையில் சிந்துகிறது. பார்த்தவர்கள் பார்க்காதது போல இருக்கிறார்கள். அவர்கள் கையும் ஒரு காலத்தில் அப்படி ஆடியதுதான். சற்றுப் பொறுத்து ஒரு பெரியவர் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "டாக்டரப் பாத்தியா?" என்று காதோடு கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. பல வருடம் விடாமல் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிரமை பிடித்துப் புலம்பலாம், உயிரே போகலாம். முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் மருந்தோடு கழிய வேண்டும். கூட்டம் அதற்கப்புறம் வரும் நாட்களுக்கு.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது, இந்தக் கூட்டத்தை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைய குடியைத் தள்ளிப்போட முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். சந்தா கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். டீச் செலவுக்கு ஒரு டப்பா கை மாறிப் போகிறது, பத்து ரூபாய்த் தாள்கள் விழுகின்றன.

பக்கத்து அறையில் பெண்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று உள்ள அல்-அனான் கூட்டம். ஒரு அம்மா முந்தானை முடிச்சில் பேருந்துக் காசை முடிந்து வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். நடுவில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. அந்தச் சிரிப்பை அவர்கள் வீட்டில் கேட்டு எத்தனை நாளாகியிருக்குமோ.

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2024 ஜூன் ஞாபகம் வரும். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கைது நடந்தது, இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள், கல்வராயன் மலையில் ஊறல் பேரல்களைத் தேடித் தேடிக் கொட்டினார்கள். எல்லாம் வேண்டியதே. ஆனால் அன்று அந்தப் பாக்கெட் கைக்கு வராததால் மட்டுமே தப்பியவர்கள் எத்தனை பேர்! விடிந்தால் கை நடுங்குகிற அவர்களுக்கு எந்தப் பக்கம் போவது என்று யார் சொன்னார்கள்? டாஸ்மாக் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. இந்த வகுப்பறைக்கு வழி தெரிய, அண்ணன் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. போதையிலிருந்து மீள உதவி கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதைச் சாராயக்கடை சுவரிலேயே பெரிதாக எழுதிப்போடலாம்.

கூட்டம் கலைந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கிறோம். பையனும் கூட வருகிறான். அண்ணன் அவனிடம் கேட்கிறார்:

"அடுத்த வாரம் எந்த ஸ்டாப்புல ஏறுவ?"

அவன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, "வருவனான்னு தெரியலண்ணே" என்கிறான்.

"நம்ம பஸ்சு அந்த வழியாதான் வரும். நான் சன்னலோரமா இருப்பேன். நீ நிக்கலன்னா எறங்கிட்றேன். ஊட்டுக்கு எந்தப் பக்கம், அத மட்டும் சொல்லு."