நெடுந்தீவுக்கு ஒரு கடற்பயணம்

கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்தவர் நாம். கோடை வந்ததும் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கும்போது கடல் எத்துணை அண்மையில் உள்ளதென்பதை ஆண்டுதோறும் நாவினாலேயே அறிந்தும் வந்திருக்கின்றோம். ஆயினும், நாற்பது வயது கடந்த பின்னரும் நெடுந்தீவை நாம் கண்டதில்லை. கல்லூரியிலே புவியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதுவது பெருமைக்குரிய செய்தியன்று. சோழகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களைக் கரும்பலகையிலே அம்புக்குறிகளுடன் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றோம். அக்காற்றுக்கள் கடலில் ஓடும் ஒரு படகை என்ன பாடுபடுத்தும் என்பதை மட்டும் அறியாதிருந்தோம்.

இக்குறையை எமக்கு உணர்த்தியவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். நெடுந்தீவைச் சேர்ந்த அவன் நகரிலே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கின்றான். சென்ற கார்த்திகை மாதத்தில் வார இறுதிக்கு ஊர் சென்றவன் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமை வந்து நின்றவனைக் காரணம் வினவினோம்.

"படகு ஓடேல்லை, சேர்," என்றான்.

"இது எல்லாரும் சொல்லுகிற சாட்டுத்தான்," என்று கூறி அவனை நிற்க வைத்தோம். அவன் அழவில்லை, முணுமுணுக்கவுமில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டான்: "சேர், நீங்கள் நெடுந்தீவுக்கு ஒருக்கால் எண்டாலும் வந்திருக்கிறீங்களோ?"

விடை கூறாது பாடத்தைத் தொடங்கிவிட்டோம். ஆனால் அவ்வினா பல மாதங்களாக எம்மை விட்டு நீங்கவில்லை. சித்திரை விடுமுறை வந்ததும் குடும்பத்துடன் நெடுந்தீவு செல்வதென முடிவு செய்தோம்.

வீட்டிலே இம்முடிவுக்கு இருவகை வரவேற்புக் கிடைத்தது. பன்னிரண்டு வயது மகன் அன்றிரவே பையைக் கட்டி வைத்தான். ஒன்பது வயது மகளோ, "நான் அம்மம்மாவோட நிக்கிறன்," என்று ஒரே பிடியாக நின்றாள். அவளுக்குக் கடலென்றால் அச்சம். மனைவியார் அவளைத் தேற்றி, இஞ்சித் துண்டும் தேசிக்காயும் பொதியில் வைத்து, புட்டையும் வாழைப்பழத்தையும் கட்டி எடுத்துக்கொண்டார்.

விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என வழி நீள்கின்றது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள நீண்ட கடல்வழிச் சாலையிலே சூரியன் எழுவதைக் கண்டோம். இருமருங்கும் ஆழமற்ற நீர். அதிலே மீனவர் தடிகளை நிரையாக நாட்டி அமைத்த களங்கட்டிகள். தடிகளின் மேல் நீர்க்காகங்கள். புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையுடன் தரைவழி முடிகின்றது. அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லவேண்டும்.

துறையிலே மக்கள் திரள் கண்டு வியந்தோம். அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், மரக்கறிக் கூடைகள், ஒரு சைக்கிள், கால் கட்டப்பட்ட கோழிகள் எனச் சாமான்கள் படகிலே ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, சாமான் எதுவுமின்றிப் படகை மட்டும் கண்கொட்டாது நோக்கி நின்ற ஒரு குடும்பம் எம் கண்ணிற் பட்டது. தந்தை, தாய், பத்து வயதளவில் ஒரு சிறுவன். சிறுவனின் கையில் அப்பியாசக் கொப்பி ஒன்று. அவன் படகின் அணியத்தை வரைந்துகொண்டிருந்தான்.

பேச்சுக் கொடுத்தோம். அவர்கள் மட்டக்களப்பைச் சேர்ந்தவர்கள். தந்தை வங்கியொன்றிலே எழுதுவினைஞர். விடுமுறை தோறும் ஒரு படகுப் பயணம் அல்லது ஒரு வெளிச்சவீடு என்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். மட்டக்களப்பு வாவித் தோணி, திருகோணமலைத் துறைமுகம், இலங்கையின் தென்கோடியிலே 49 மீற்றர் உயர்ந்து நிற்கும் தெய்வேந்திரமுனை வெளிச்சவீடு எனப் பக்கத்துக்குப் பக்கம் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாளும், காற்றின் திசையும், யாருக்கு வாந்தி வந்தது என்பதும் ஒளிவுமறைவின்றிக் குறிக்கப்பட்டிருந்தன. இக்கடைசிக் குறிப்பைக் கண்ட எம் மகள் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். தன்னைப் போல் அஞ்சுவோர் வேறும் உளர் என்பதே பிள்ளைகளுக்குப் பெரும் ஆறுதல் போலும்.

படகு புறப்பட்டது. வலப்புறத்திலே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரமும், சற்று அப்பால் நாகவிகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் தோன்றின. பலர் இருந்த இடத்திலிருந்தே அம்மனை நோக்கிக் கைகூப்பினர். பின்பு கரைகள் விலக, நீரின் நிறம் பச்சையிலிருந்து நீலமாயிற்று. மகள் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிய கையை எடுக்கவேயில்லை.

எமக்கு எதிரே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர், கப்பலோட்டிய தண்டையல்மார் மரபில் வந்தவர். முழங்கால் வலியெடுத்த பின்பும் மாதம் ஒருமுறையாவது ஏதேனும் ஒரு படகில் ஏறாவிட்டால் அவருக்கு உறக்கம் வருவதில்லையாம். சிறுவர் மூவரையும் அருகழைத்து அவர் கதை சொல்லலானார்.

வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைப் பெருங்கடல்கள் கடந்து செலுத்திச் சென்றனர். 1938ஆம் ஆண்டு அக்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நம்மூர்த் தச்சரின் கைவேலை அத்தனை கடல்களையும் தாங்கிற்று. இவ்வரலாறு நாம் நூல்களில் வாசித்ததுதான். ஆயினும், கடல்நீர் முகத்திலே தெறிக்க, அவ்வூரார் ஒருவரின் வாயிலிருந்து கேட்டபோது அது வேறொன்றாய் இருந்தது.

மகள் கேட்டாள்: "அப்பு, அவையளுக்குப் பயமாயிருக்கேல்லையோ?"

முதியவர் சிரிக்கவில்லை. "பயமில்லாதவன் கடலுக்குப் போகக்கூடாது, பிள்ளை. பயம் இருந்தால்தான் வானத்தைப் பார்ப்பான், காத்தைப் பார்ப்பான், கயித்தை இழுத்துப் பார்ப்பான். பயந்தவன்தான் கரைக்குத் திரும்பி வருவான்," என்றார்.

மகள் சற்று யோசித்தாள். பின்பு தாயின் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினாள்.

இவ்வாறு நாம் கடலையும் கப்பலையும் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்த வேளையில், பக்கத்தில் இருந்த இளம் தாயொருத்தி எம்மை நோக்கியவண்ணம் இருந்தாள். மடியிலே பச்சிளங் குழந்தை. நெடுந்தீவுப் பெண். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மாதம் முன்னதாகவே தீவை விட்டு யாழ்ப்பாணம் சென்று, உறவினர் வீட்டில் தங்கியிருந்து, பெற்று, இப்போது குழந்தையுடன் ஊர் திரும்புகின்றாள். "ஏன் ஒரு மாதம் முன்னதாக?" என்று மனைவியார் கேட்டார்.

"வலி வாற நேரம் கடல் எப்பிடி இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும், அக்கா?" என்றாள் அவள். பிறகு புன்னகையுடன், "நீங்கள் படகைப் பார்க்க வாறியள். நாங்கள் படகு வருமோ எண்டு பார்க்கிறனாங்கள்," என்றாள்.

அதிலே குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவே. ஆயினும், "படகு ஓடேல்லை, சேர்" என்ற குரல் எம் செவியிலே மீண்டும் ஒலித்தது. மட்டக்களப்பு நண்பரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

பனைமரத் தலைகள் முதலிலே நீருக்கு மேல் தோன்றின. பின்னரே நிலம் தெரிந்தது. அத்துணைத் தட்டையான தீவு நெடுந்தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மாவலித்துறையிலே இறங்கினோம். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் குமுதினிப் படகிலே பயணஞ் செய்த மக்கள் பலர், குழந்தைகள் உட்பட, நடுக்கடலிலே படுகொலை செய்யப்பட்டனர். அவர்களை இத்தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். மகன் அதுபற்றிக் கேட்டபோது மறைக்காது சொன்னோம். வந்த கடலை அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மட்டக்களப்புக் குடும்பத்தாருடன் சேர்ந்து வாகனம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் தீவைச் சுற்றினோம். வீட்டு வளவுகளுக்கும் வயல்களுக்கும் இங்கே முருகைக்கல்லே வேலி. சுண்ணமும் சாந்துமின்றி, கல்மேற் கல்லாக அடுக்கப்பட்ட அவ்வேலிகள் காற்றுக்கு இடைவழி விட்டு நிற்கின்றன. அதே முருகைக்கல்லாலான பழைய கோட்டை கடலோரத்தில் இடிந்து கிடக்கின்றது. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் வழிவந்த குதிரைகள் இன்று தெற்கே பரந்த புல்வெளியில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. வறட்சிக் காலங்களில் நீரின்றி அவை மாய்வதும் உண்டென வாகனமோட்டி வருந்திச் சொன்னார்.

ஆபிரிக்க நிலத்துக்குரிய பெருக்க மரம் ஒன்றும் இங்கே வளர்ந்து நிற்கின்றது. பண்டைக் காலத்திலே கடல்வழி வந்த அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். அதன் அடிமரத்திலே ஆட்கள் புகுந்து நிற்கக்கூடிய பொந்து ஒன்று உண்டு. பிள்ளைகள் மூவரும் அதனுட் புகுந்து வெளியே வர மறுத்தனர். பின்னர் சாராப்பிட்டிக் கிணறுகளைக் கண்டோம். நாற்புறமும் உப்புக்கடல் இருக்க, இங்கே நன்னீர் ஊறுகின்றது. மகள் ஒரு கை அள்ளிப் பருகி, "எங்கட கிணத்தை விட இது நல்லாயிருக்கு, அப்பா," என்றாள்.

பிற்பகல் மீளும்போது காற்று எழுந்துவிட்டது. அணியம் உயர்ந்து உயர்ந்து தாழ, நீர்த்திவலைகள் அனைவரையும் நனைத்தன. இம்முறை மயக்கமுற்றவர் மகளல்லர், நாமே. இஞ்சித் துண்டை எம் வாயில் வைத்து, "வானத்தைப் பாருங்கோ, அப்பா," என்று ஆசிரியராகி நின்றாள் அவள். மட்டக்களப்புச் சிறுவன் கொப்பியைத் திறந்து, நாளையும் காற்றையும் எழுதியபின், "சேருக்கு வாந்தி" என்று ஐயமறக் குறித்துக்கொண்டான். இதுவே பெரியதொரு காற்றன்று எனப் படகோட்டிகள் எமக்குச் சொன்னார்கள். அவ்வாறாயின் கார்த்திகைப் புயற்காற்று எவ்வாறிருக்கும்?

குறிகட்டுவானிலே பிரியும்போது இரு குடும்பத்தாரும் முகவரி மாற்றிக்கொண்டோம். அடுத்த விடுமுறையில் மட்டக்களப்பு வாவியிலே தோணியேறுவதென்பது முடிவாயிற்று. பயணத்திலே பெற்ற நட்பு பெரும்பாலும் பேருந்து நிலையத்துடன் முடிந்துவிடும். ஒரே பொருளில் ஆர்வங்கொண்டோரின் நட்பு அவ்வாறன்று. அதற்குப் பேசவேண்டியது எப்போதும் மீதமிருக்கும்.

இரண்டாந் தவணையின் முதல் நாள் எட்டாம் வகுப்புக்குச் சென்றதும் அம்மாணவனை எழுப்பினோம். "தம்பி, நெடுந்தீவுக்குப் போய் வந்தோம். அன்று நீ சொன்னது உண்மை. நாம் உன்னை நிற்கவைத்தது பிழை," என்று வகுப்பறியக் கூறினோம். அவன் நாணித் தலை குனிந்தான். பின்பு கேட்டான்: "திரும்பி வரேக்க காத்து எப்பிடி, சேர்?" அன்றைய பாடம் காற்றுக்கள் பற்றியது. வெண்கட்டியை அவன் கையிலே கொடுத்தோம்.

நெடுந்தீவு செல்ல விரும்பும் குடும்பத்தாருக்கு ஒன்றிரண்டு சொற்கள். பங்குனி, சித்திரை மாதங்களிலே காலைக்கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். முதற் படகிலேயே செல்லுங்கள். இறங்கியவுடன் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டறியுங்கள். குடையும் குடிநீரும் மறவாதீர்கள். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு அணிவித்து, நீங்களும் அணியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படகிலே இடம் குறைவாயின் மூட்டையோடும் குழந்தையோடும் நிற்கும் தீவு மக்களை முதலில் ஏறவிடுங்கள். நமக்கு அடுத்த விடுமுறையும் உண்டு. அவர்கள் அன்றே வீடு சேரவேண்டியவர்கள்.