ஓட்டுக்கு வயதாகவில்லை

சாமராஜநகரில் சாமராஜேஸ்வரர் கோயிலுக்குப் பின்தெருவில் நண்பரின் பூர்வீக வீடு. நடுவில் தொட்டி முற்றம், நாலு பக்கமும் மங்களூர் ஓடு. போன மழையில் இரண்டு அறை ஒழுகியதிலிருந்து வீட்டில் ஒரே தகராறு. ஓட்டைப் பிரித்துத் தகர ஷீட் போட வேண்டும் என்கிறார் தம்பி. அண்ணனான நண்பருக்கு மனசு வரவில்லை. தாளவாடியிலிருந்து ஓடு மேய்கிற பெரியவர் ஒருவர் வருகிறார் என்று சொல்லி என்னையும் அழைத்திருந்தார்.

வந்தவர் கூரைமேல் ஏறவே இல்லை. பரண் வழியாக உள்ளே போய் மடியிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தார். மூட்டை தைக்கிற அதே ஊசி. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே நகர்ந்தார். நல்ல மரத்தில் முனை ஏறவில்லை. தொட்டியின் மூலைக்கு வந்ததும் பாதி ஊசி சத்தமில்லாமல் இறங்கியது. உருவினால் நுனியில் ஈரமண். கரையான்.

"ஓட்டுக்கு வயசாகலீங்க சார், மரத்துக்குத்தான் ஆச்சு" என்றார்.

இரண்டு சரிவும் கூடும் அந்த மூலையில் தண்ணீர் ஓட வைத்த தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஒழுகலுக்குக் காரணம் அதுதான். ஓட்டின்மேல் பழி. சரிவுக்கு ஏதோ முழக்கணக்கும் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை.

ஓர் ஓட்டைக் கழற்றி விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. தண்ணீர் குடித்த ஓடு 'பொத்'தென்னுமாம். அடிப்பக்கம் ஆலை முத்திரை. ஜெர்மானியப் பாதிரியார் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில், நேத்ராவதிக் கரையில், பாஸல் மிஷனுக்காகத் தொடங்கிய ஓட்டுத் தொழில் இது. பிறகு எத்தனையோ ஆலைகள் வந்தன. ஓர் ஆலை ஓட்டின் பள்ளம் இன்னோர் ஆலை ஓட்டின் மேட்டில் சரியாக உட்காராது. உடைந்ததற்கு மாற்று தேடும்போது முத்திரையைப் பார்ப்பது அதனால்தான்.

பெரியவர் வருவதற்கு முன்பே பழைய ஓட்டு வியாபாரி ஒருவர் வந்து போயிருக்கிறார். "ஆள் நானே அனுப்புறேன், பிரிக்கிற கூலி உங்களுக்கு மிச்சம்" என்றாராம். பெரிய தயாள குணம்! இங்கே குப்பை என்று வாரிப்போகிற ஓடும் தேக்கும் பழமை அழகு என்ற பெயரில் ரிசார்ட்டில் ஏறும்போது விலையே வேறு. விற்ற வீட்டுக்காரர் பங்குனி வெயிலில் தகரத்தின் கீழ் மின்விசிறியைச் சபித்துக்கொண்டு கிடப்பார். ஓடு மேய்கிறவருக்கோ ஒரு வேலை போனது போனதுதான். பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஊசியைப் பிடிக்க வேறு ஆளில்லை.

அன்று மாலையே முடிவாகிவிட்டது. தொட்டி மூலைகளில் கைமரமும் ரீப்பரும் மாற்றி, புதுத் தகரம் அடித்து, கழுவிய பழைய ஓட்டையே திரும்ப மேய்வது. கூரை முழுக்க ஊசி இறங்கியிருந்தால் நானும் தம்பி பக்கம்தான் பேசியிருப்பேன்.

ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் மாசியிலேயே ஆளைக் கூப்பிட்டு மரத்தைக் குத்திப் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் மே மாதமே மழை பிடித்துவிடும்.