அம்பாசிடருக்கு ஏத்த காயில்

எங்க தெருவுல பெட்ரோல் அம்பாசிடர் ஒண்ணு இன்னும் ஓடுது. சித்தப்பா வண்டி. உத்தரபாராவுல 2014-லயே அம்பாசிடர் தயாரிக்கிறத நிறுத்திட்டாங்க. ஆனா ராத்திரியில யாருக்காவது பிரசவ வலின்னா, திருவையாறு தாண்டி தஞ்சாவூர் போக இந்த வண்டியத்தான் கேப்பாங்க. அது நடுவழியில நிக்கலாமா?

போன கோடையில நிக்க ஆரம்பிச்சுது. காலையில பட்டுன்னு ஸ்டார்ட் ஆகும். பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போனதும் இருமிக்கிட்டே அணைஞ்சிடும். அரை மணி நேரம் மரத்தடியில ஆறப் போட்டா மறுபடி ஓடும். கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் பம்பை மாத்தி, சி.பி. பாயிண்ட்டும் புதுசு போட்டாச்சு. புதுப் பாயிண்ட்டும் கருகிப்போச்சு. அங்கதான் எனக்குச் சந்தேகம். காயில் மேல கை வைக்க முடியல, அப்படிச் சூடு. அதுக்கு முந்தின மாசம்தான் ஒரு கடையில அந்தக் காயிலை வாங்கி மாட்டியிருந்தாங்க.

வெளியில பார்த்தா எல்லாம் ஒரே டப்பா. ஆனா நெல்லு மாதிரி இதுலயும் ரகம் உண்டு. ஒண்ணு 12 வோல்ட்டை நேராத் தாங்கும். உள்ள சுமார் 3 ஓம். இன்னொண்ணு ஒண்ணரை ஓம்தான். அதுக்கு முன்னால இன்னொரு ஒண்ணரை ஓமுக்கு பலாஸ்ட் ரெசிஸ்டர் இருந்தாகணும். ரெண்டும் சேர்ந்தா 3 ஓம், 4 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் இல்லாம மாட்டினா 8 ஆம்பியர். ஆத்து மதகைத் தொறந்து முழுத் தண்ணியையும் கன்னி வாய்க்கால்ல விட்டா கரை நிக்குமா?

பின்ன எதுக்கு அப்படி ஒரு ரகம்? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழகூட இறங்கும். அப்போ மட்டும் ரெசிஸ்டரைச் சுத்தி, தனி ஒயர் வழியா காயிலுக்கு நேரா கரண்ட் போகும். பொறி பலமா விழும். நல்ல யோசனைதான், ஜோடி பிரியாத வரைக்கும்.

மாத்தி மாட்டினாலும் வம்பு. 3 ஓம் காயிலுக்கு முன்னால ரெசிஸ்டர் இருந்தா எதுவும் கருகாது. பொறி மெலிஞ்சு, மார்கழிக் காலையில செல்ஃப் அடிச்சு அடிச்சே பேட்டரி தீர்ந்துடும்.

மல்ட்டிமீட்டர் இருந்தாப் போதும். சாவியை அணைச்சு, காயிலோட ரெண்டு சின்ன முனையிலயும் ஒயரைக் கழட்டிட்டு அளக்கணும். முதல்ல மீட்டர் முள் ரெண்டையும் ஒண்ணோடொண்ணு தொட்டுப் பாருங்க. அதுவே கொஞ்சம் காட்டும், அதைக் கழிச்சுக்கணும். சித்தப்பா காயில் 1.5 காட்டிச்சு. ரெசிஸ்டர் வண்டியில எங்கயும் இல்ல.

ரெசிஸ்டர் வாங்கிப் போடலாமான்னு கேட்டேன். "சாமான் கூடினா ரிப்பேரும் கூடும்டா"ன்னார். 3 ஓம் காயிலே வாங்கி மாட்டினோம். தனி ஒயர் இல்லாத வண்டிக்கு அதுதான் சரின்னு எனக்கும் படுது.

இப்போ சாவியை ஆன் பண்ணி வெச்சுட்டு பாட்டுக் கேக்கிற பசங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்கார். எஞ்சின் ஓடாம பாயிண்ட் மூடி நின்னுட்டா, சரியான காயில்கூட கொதிச்சுப் போயிடும்.