இதுவா அணை?

என் மகளுக்கு இன்றுவரை தெரியாத ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். 2018 செப்டம்பரில், அமெரிக்காவில் சான் டியேகோ ஊரில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது. அன்று சாயங்காலம் அவள் விசாரித்ததற்கு, "அணைப் பக்கத்திலேயே நிழல்ல உட்கார்ந்திருந்தேம்மா" என்று சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

நான் திருக்காட்டுப்பள்ளிக்காரன். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குவதும், வெள்ளக் காலத்தில் ராத்திரியெல்லாம் கரையில் நடந்து எங்காவது கசிகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. சைக்கிள் மிதித்தால் கல்லணை என்கிற தூரத்தில் பிறந்தவனுக்கு ஒரு திமிர் தானாக வந்துவிடும். உலகத்தில் எந்த அணையைக் காட்டினாலும், "எங்க ஊர்ல ரெண்டாயிரம் வருஷமா ஒண்ணு நிக்குது" என்று ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பயணத்திலேயே ஹூவர் அணைக்கும் அழைத்துப் போனார்கள். 726 அடி. மேலே நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயும் இதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டினார்.

அதனால்தானோ என்னவோ, "பக்கத்துலயே ஒரு பழைய அணை இருக்குப்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று மகள் கூட்டிப் போனாள். மிஷன் டிரெயில்ஸ் பூங்கா. பூங்கா என்றதும் நான் நினைத்தது ஊஞ்சலும் பெஞ்சும். போய்ப் பார்த்தால் நகரத்துக்குள்ளேயே ஏறக்குறைய எட்டாயிரம் ஏக்கர் மலையும் புதரும் பள்ளத்தாக்கும்; அறுபது மைலுக்கு மேல் நடைவழிகள். ஊரிலேயே உயரமான கோல்ஸ் மலையும் இதற்குள்தான் இருக்கிறது. சான் டியேகோ ஆறு குன்றுகளுக்கு நடுவே நுழைகிற இடத்தில் அணை.

காரை நிறுத்திவிட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வந்துவிடுகிறது. கரடுமுரடான கல் சுவர் ஒன்று. சுமார் 220 அடி நீளம், பன்னிரண்டு பதின்மூன்று அடி உயரம். பின்னால் நாணல் மண்டிய ஒரு குட்டை. செப்டம்பர் ஆதலால் உடைந்த இடம் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் நழுவிக்கொண்டிருந்தது.

"இதுவா அணை? நம்ம ஊர் படித்துறையே இதைவிடப் பெருசும்மா" என்றேன்.

மகள் முகம் சுருங்கியதைக் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். பேரனை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போக வேண்டிய நேரம். "ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன், நிழலை விட்டு நகராதீங்க. தண்ணி இருக்கில்ல?" என்றாள். இருக்கிறது என்றேன். இருந்தது அரை லிட்டர் பாட்டில். அதிலும் கால்வாசி காரிலேயே குடித்தாகிவிட்டது.

அணையைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தேன். மீதி நேரத்தை என்ன செய்வது? சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை கண்ணில் பட்டது. க்வாய் பாய் சிகரம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான குமியாய் மக்களின் மொழியில் 'தலைவர்' என்று பொருளாம். உயரம் 1,194 அடி. போய்வர இரண்டரை மைல். எனக்கு அது தினமும் காலையில் காவிரிக் கரையில் நடக்கிற தூரம். மணி பதினொன்று. மகள் காரில் வெயில் 93 என்று காட்டியிருந்தது. பாரன்ஹீட் கணக்கு நமக்குப் பழக்கமில்லை என்று ஒரு சாக்குச் சொல்லலாம். ஆனால் 34 டிகிரி என்று காட்டியிருந்தாலும் ஏறியிருப்பேன். திருச்சி வெயிலில் வளர்ந்தவனை இந்த ஊர் வெயில் என்ன செய்துவிடும்?

தூரத்தைப் படித்தவன் ஏற்றத்தைப் படிக்கவில்லை. இரண்டரை மைலில் பாதி முழுக்க மேல்நோக்கித்தான். ஏறக்குறைய 900 அடி ஏற வேண்டும். திருச்சி மலைக்கோட்டை 273 அடி. உச்சிப் பிள்ளையாரை மூன்று தடவைக்கு மேல் ஏறுகிற கணக்கு. மலைக்கோட்டையிலாவது படிகள் உண்டு, மேலே கூரை உண்டு. இங்கே சரளைக்கல் உருளும் செங்குத்துப் பாதை. இரண்டு பக்கமும் இடுப்பளவுப் புதர். அதன் இலையைக் கசக்கினால் துளசியும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மருந்துக்கும் மரம் இல்லை. இதுதான் உச்சி என்று ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்தது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். கீழே யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் திரும்ப வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இதென்ன வீம்பு என்று இப்போது தோன்றுகிறது.

உச்சியில் நின்று அணையைத் தேடினேன். கண்ணுக்கு அகப்படவில்லை. கண்ணெட்டிய தூரம் குன்றெல்லாம் காய்ந்த பழுப்பு. நடுவே ஒரே ஒரு பச்சைக் கோடு வளைந்து போனது. அதுதான் ஆறு. அந்தக் கோட்டை விட்டு இருபது அடி தள்ளினால் மறுபடி பழுப்பு. டெல்டாவில் பச்சைக்கு நடுவே வீடுகளைத் தேடிப் பழகிய கண் எனக்கு. இப்படி ஒரு காட்சியை அதுவரை பார்த்ததில்லை.

இறக்கத்தில்தான் வினை. கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்தவன் எழுந்தால் தலை சுற்றியது. வாயில் எச்சில் இல்லை. வியர்வை நின்றுபோயிருந்தது; அது நல்ல அறிகுறி இல்லை என்பது வயலில் மயங்கி விழுந்த ஆட்களைப் பார்த்த எனக்குத் தெரியும். கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிடலாமா என்று யோசித்து, கௌரவம் பார்த்துத் திரும்பப் பையில் போட்டேன். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வெட்கப்படும் வரி இதுதான்.

மேலிருந்து ஒரு இளம் ஜோடி நாயோடு இறங்கி வந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எதுவும் கேட்காமல் பையைத் திறந்து தண்ணீர்க் குடுவையை நீட்டினாள். ஒரே மூச்சில் குடிக்கப் போனவனைத் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாள். உப்பு பிஸ்கட் கொடுத்தார்கள். பையன் இன்னொரு பாட்டிலை எடுத்து, மடக்குக் கிண்ணத்தில் ஊற்றி நாய்க்கு வைத்தான். நாய்க்கென்று மட்டும் தனியாக ஒரு லிட்டர் சுமந்து வந்திருக்கிறார்கள்! அது குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. இருவரும் எனக்கு முன்னும் பின்னுமாக நடந்து அணை வரை கொண்டுவந்து விட்டார்கள்.

மகள் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆற்றோர மர நிழலில் உட்கார்ந்தேன். எழுந்து நடக்கத் தெம்பில்லாததால் எதிரே இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தது அணை.

அப்பா எந்தக் கட்டுமானத்தைப் பார்த்தாலும் முதலில் காரையைத்தான் பார்ப்பார். அந்த நினைப்பில் நானும் பார்த்தேன். உள்ளூர்க் கல்லைக் காரை போட்டு அடுக்கியிருக்கிறார்கள். அடியில் பதின்மூன்று அடி கனம். இருநூறு வருஷத்து வெள்ளம் மேலே ஏறிப் போயும் பெரும்பகுதி நிற்கிறது. நிழலில் இருந்த விவரப் பலகையையும் அப்போதுதான் படித்தேன். காலையில் அதைக் கடந்து போயிருந்தேன்.

பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் 1769இல் கலிபோர்னியாவின் முதல் மிஷனை, அதாவது மதம் பரப்பும் குடியிருப்பை, இந்த ஊரில் தொடங்கினார்கள். 1774இல் அதை ஆற்றோரமாக ஆறு மைல் உள்ளே மாற்றினார்கள். மறுவருஷமே குமியாய் மக்கள் திரண்டு வந்து அதைக் கொளுத்தினார்கள். ஒரு பாதிரியார் உயிரிழந்தார். மிஷன் மறுபடி எழுந்தது. வருஷத்துக்குச் சுமார் பத்து அங்குலம் மழை பெய்கிற ஊர், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில் மட்டும். கோதுமை காய்ந்தது. அதற்காகத்தான் 1800களின் தொடக்கத்தில் இந்த அணை. இங்கிருந்து ஏறக்குறைய ஆறு மைல், சுட்ட ஓடு பதித்த வாய்க்கால் ஒன்று, இறைக்காமல் கொள்ளாமல் சரிவிலேயே தண்ணீரை மிஷன் வயலுக்குக் கொண்டுபோனது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் குடியேறியவர்கள் செய்த முதல் பாசன வேலைகளில் ஒன்று. 1830களில் மெக்சிகோ அரசு மிஷன்களைப் பாதிரியார்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பிறகு பராமரிக்க ஆளில்லை. 1963இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கினார்கள்.

கல் சுமந்தவர்கள் குமியாய் மக்கள். ஞானஸ்நானம் பெற்று மிஷனில் சேர்ந்தவர்கள் அனுமதியின்றி வெளியே போக முடியாது; ஓடிப் பிடிபட்டால் சவுக்கடி. அவர்களுக்கு வயலும் வாய்க்காலும் இல்லாமலேயே இந்த ஆற்றங்கரையில் வாழத் தெரிந்திருந்தது. ஓக் மரக் கொட்டையை இடித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை இறக்கிக் கூழ் காய்ச்சுவார்கள். இடித்த குழிகள் பூங்காப் பாறைகளில் இன்னும் இருக்கின்றன. நம் வீட்டு ஆட்டுரலில் குழவியை எடுத்த பிறகு தெரியும் குழி மாதிரி வழவழவென்று. அணைக்கோ பாதிரியார் அணை என்று இன்னொரு பெயர். கட்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

கல்லணையின் உயரம் பதினெட்டு அடி. நீளம் 1,080 அடி. நான் பெருமை பேசியதற்கும் ஏளனம் செய்ததற்கும் உயரத்தில் ஐந்தாறு அடிதான் வித்தியாசம். கல்லணையும் தேக்கி வைக்கிற அணை இல்லை. ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுத் திருப்பிவிடுகிற அணை. அணையின் வேலை உயரத்தில் இல்லை என்பது லஸ்கர் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராஜாவலிய என்கிற பிற்காலச் சிங்கள நூலில் ஒரு கதை உண்டு. சோழ அரசன் இலங்கையிலிருந்து பன்னிரண்டாயிரம் பேரைச் சிறைபிடித்துக் காவிரிக் கரை வேலைக்குக் கொண்டுபோனான் என்று. இளவயதிலேயே படித்திருக்கிறேன். கல்லணையைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன்; ஹூவர் அணையில் மாப்பிள்ளையிடம் பேசியதும் அதில் சேர்த்தி. ஒரு தடவைகூட இந்தக் கதையைச் சொன்னதில்லை. கதைதானே என்று விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சோழன் யானையில் போன கதைகளையெல்லாம் மட்டும் விடாமல் சொல்லியிருக்கிறேன்.

மகள் வந்தபோது பேரன் ஈரத் தலையோடு ஓடிவந்து, "தாத்தா, போர் அடிச்சுதா?" என்று கேட்டான். இல்லடா என்றேன். பேன்ட்டில் ஒட்டியிருந்த செம்மண்ணை மகள் பார்த்தாள்; கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் தொப்பி, பிடிமானமுள்ள ஷூ. க்வாய் பாய் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் அணை ஓரத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்.